அப்பாவும் செம்பூத்தும்

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் ரகசியம் பேச மாட்டார்கள். ‘ஆஹா, ஒளிவுமறைவு இல்லாத ஊர்!’ என்று அவசரப்பட்டுப் பாராட்டிவிடாதீர்கள். ரகசியம் பேசினால் கேட்காது, அவ்வளவுதான்!

பவானி கூடுதுறையில் முங்கிக் குளித்துவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்தக் கரையில் கால் வைத்தீர்களானால் குமாரபாளையம். பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம், காதே சொல்லிவிடும். ‘டக்கட... டக்கட... டக்கட...’ தெருவுக்குத் தெரு விசைத்தறி. லுங்கியும் துண்டும் ஊர் ஊராகப் போகின்றன. எங்களுக்கு மிஞ்சியது உரத்த குரல். எனக்குப் பெண் பார்க்க நாமக்கல் பக்கம் தறியே இல்லாத ஒரு கிராமத்துக்குப் போனபோது, எங்கள் வீட்டார் வழக்கம்போல் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து, “என்னாச்சு, ஏதாச்சும் தகராறா?” என்று கேட்டாராம். என் மனைவி இதை இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.

அப்பா முப்பத்து நாலு வருஷம் தறி ஓட்டியவர். ஆறு தறிக்கு நடுவே நின்றுகொண்டு, அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, தார் மாற்றி, நாடா சரியாக ஓடுகிறதா என்று பார்த்து... ராத்திரி ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி உழைத்து, ஊர்க் கோடியில் பதினைந்து சென்ட் இடம் வாங்கி வீடு கட்டினார். என்னை பி.காம். படிக்கவைத்தார். நான் நாலு பட்டறைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இப்படி உங்கள் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரவு செலவில் அப்பா எழுதாமல் விட்டது ஒரே ஓர் அயிட்டம். அவருடைய காது.

ஒரு பட்டறைக்குள் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 என்பதுதான் தொழிற்சாலை விதிகளில் இருக்கிற வரம்பு. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஊரே பஞ்சு, ஆனால் காதில் வைத்துக்கொண்டு வேலை செய்தவரை நான் பார்த்ததில்லை. தறியின் சத்தத்தை வைத்துத்தான் எது மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பார் அப்பா.

மார்ச் 25, 2020. நாடே ஊரடங்கு. அன்று காலையில் எழுந்தபோது எனக்கு என்னமோ உடம்பு சரியில்லை என்று தோன்றியது. பத்து நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை... தறி ஓடவில்லை! மின்வெட்டுக் காலத்தில்கூட ஜெனரேட்டராவது உறுமும். இது அப்படியில்லை. பொட்டு சத்தமில்லை.

இரண்டு நாளில் வேறு ஒரு சத்தம் ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால், வேலியிலிருந்து.

வேலி என்றால் கம்பி வேலி இல்லை. இந்த இடம் காடு கழனியாக இருந்த காலத்துக் கிளுவை வேலி. கிளுவை முள்ளாவது ஓர் ஒழுங்கில் நிற்கும்; அதன்மேல் ஏறியிருந்த கொடிகளுக்கு ஓர் ஒழுங்கும் கிடையாது. கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான், பிரண்டை, மேற்கு மூலையில் வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு சீந்தில். இந்தச் சீந்தில் ஒரு தனிப் பிறவி. வெட்டி மரத்தில் தொங்கவிட்டாலும் சாகாமல், அந்தரத்தில் நூல் நூலாக வேர் விட்டு மண்ணைத் தேடி இறங்கும். தவணை கேட்டு வருகிற பைனான்ஸ்காரரைப் போல!

அந்தப் பச்சைக் குப்பைக்குள்ளிருந்துதான் அத்தனை சத்தமும். தையல்சிட்டு ‘டுவிக் டுவிக் டுவிக்’ என்று உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத குரலில். தவிட்டுக் குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து சொத்துத் தகராறு மாதிரி கச்சகச்சவென்று. கொண்டைக்குருவி கோவைப்பழத்தைக் கொத்திக்கொண்டே வாயில் வைத்ததோடு பேசும். நானும் அம்மாவும் என் மனைவியும் பின்வாசல் படியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பது மாதிரி கேட்டோம். பக்கத்தில் அப்பா. எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அதைக் கவனித்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலாவது நாளோ, ஐந்தாவது நாளோ... அப்பா திடீரென்று ஒரு விரலைத் தூக்கினார்.

“என்றா அது... ‘ஊப் ஊப்’புன்னு?”

வேலிக்குள் செம்பூத்து. புத்தகத்தில் செம்போத்து, சில ஊரில் செண்பகம். காக்கை அளவு இருக்கும். கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, குங்குமமாகக் கண். குயில் குடும்பம்தான். ஆனால், அடுத்தவன் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றாமல், சொந்தமாகக் கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும் யோக்கியமான பறவை. காலியான குடத்துக்குள் வாயை வைத்து ஊதுகிற மாதிரி குரல். ஒன்று ‘ஊப் ஊப்’ என்று ஆரம்பித்தால், ஜோடி வேறொரு மூலையிலிருந்து பதில் சொல்லும்.

“உங்களுக்குக் கேக்குதுங்களாப்பா?” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

“அது ஒண்ணுதான்டா கேக்குது” என்றார்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஈரோட்டில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஹெட்போன் மாட்டி, பீப் பீப் என்று சோதித்து, கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். இடது பக்கம் தணிந்த சுருதி, வலது பக்கம் உச்ச சுருதி. கோடு இடது பக்கத்தில் ஓரளவு ஒழுங்காகப் போய், வலது பக்கம் வரும்போது கிணற்றில் விழுந்தது போலத் தொபுக்கடீர். சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்ச சுருதியாம். அது போன பிறகு பக்கத்தில் இருப்பதும் தேய்ந்துகொண்டே வருமாம். தையல்சிட்டும் தேன்சிட்டும் பாடுவது அந்த வட்டாரத்தில்தான். செம்பூத்து கூப்பிடுவதோ சில நூறு ஹெர்ட்ஸில். அப்பாவின் காதில் இன்னும் ஜப்தி ஆகாமல் மிஞ்சியிருக்கிற பகுதி அது.

காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் மாட்டினார். “தகரக் கொட்டாயில மழ பேயற மாதிரி இருக்குது” என்று கழற்றி, பழைய பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்துவிட்டார். வைத்த இடம் மட்டும் அவருக்கு மறப்பதேயில்லை.

சரி, இதில் கொடிக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அத்தனை பறவையிலும் இந்தத் தடிக்குரல் ஆசாமி ஏன் கொடிப்புதரே கதியென்று கிடக்கிறான்?

மாரியம்மன் பண்டிகை பக்கத்துத் தெருவில் நடந்தால் உங்களுக்கு என்ன கேட்கும்? பாட்டு வரி கேட்காது. பம்பையின் ‘தும்... தும்...’ மட்டும் சுவர் தாண்டி வந்து வயிற்றைக் குலுக்கும். அதே சங்கதிதான். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. அதை 3,400 ஹெர்ட்ஸால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் பத்து சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு நல்ல கோவை இலை அளவு. தன் அளவே உள்ள ஆயிரம் இலைகள்மேல் மோதி மோதி அந்த அலை சிதறிப்போகிறது. 340 ஹெர்ட்ஸில் ஒரு அலை ஒரு மீட்டர் நீளம். இலையாவது கொடியாவது என்று சுற்றிக்கொண்டு போய்விடும். (வகுத்தல் சரிதான். பி.காம். படித்தவனை இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம்.)

1975-ல் யூஜின் மார்ட்டன் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பனாமா நாட்டுக் காடுகளில் ஒலிகளை ஒலிபரப்பி, தூரத்தில் வைத்த மைக்கில் பதிவு செய்து பார்த்து, இதைத்தான் சொன்னார். அடர்ந்த காட்டுக்குள் கீழ்ப்பகுதியில் வாழும் பறவைகள் தணிந்த, இழுவையான குரலிலும், திறந்த வெளிப் பறவைகள் படபடவென்று அடிக்கிற குரலிலும் கூப்பிடுவது சும்மா இல்லை. எங்கே வாழ்கிறதோ அந்த இடமே குரலைச் செதுக்குகிறது என்றார். எல்லாப் பறவையும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பெரிய உடம்புக்குத் தணிந்த குரல் என்பது வேறு இருக்கிறது. எங்கள் தையல்சிட்டே சட்டத்தை மீறுகிற ஆள்தான்: கொடிக்குள் குடியிருந்துகொண்டு உச்சத்தில் கத்துகிறது. தூரம் போகாவிட்டாலும், விடாமல் சொன்னதையே சொல்லிச் சமாளிக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் சிலரிடமும் இந்த வித்தை உண்டு.

தமிழ்நாட்டின் அரசு மலர் எது, அரசுப் பறவை எது? பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி. செங்காந்தள், மரகதப்புறா. முதலாவது இலை நுனியையே கையாக்கிப் பற்றி ஏறுகிற கொடி. இரண்டாவது, காட்டின் அடித்தரையில், புதர் நிழலில் நடந்து திரிகிற புறா. அதன் குரல் ‘ஊம்ம்...’ என்று முனகுகிற தணிந்த குரல். கொடியையும் அடிக்குரலையும் கவர்ன்மென்டே ஜோடி சேர்த்து வைத்திருக்கிறது. இதை எந்த அதிகாரியும் யோசித்துச் செய்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

போன மாசி மாதம், வேலியில் பார்த்ததைக் காட்டில் பார்க்கலாமே என்று ஒரு நண்பனின் பைக்கில் தொற்றிக்கொண்டு பர்கூர் மலைக்குப் போனேன். எங்கள் ஊரிலிருந்து வடமேற்கே, பவானி, அந்தியூர் வழியாக. 2024 ஜனவரியில் இந்தப் பக்கத்துக் காடுகளில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் ‘தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம்’ என்று அறிவித்தார்கள். வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டியதும் சாலை மலை ஏறுகிறது. யானை கடக்கும் பாதை என்பதால் நண்பன் வண்டியை நிறுத்த மாட்டேன் என்றான். கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வளைவில் ஐந்து நிமிஷம் அனுமதி வாங்கினேன்.

மாசியிலேயே காடு எலும்பாக நின்றது. வறண்ட இலையுதிர் காடு. மரங்கள் முக்கால்வாசி மொட்டை. அந்த மொட்டைக்கு நடுவில் அங்கங்கே பச்சைத் திட்டு. கிட்டப் பார்த்தால் மரம் இல்லை. இண்டு, ஆதண்டை மாதிரி முள்கொடிகள் மரத்தின்மேல் ஏறி, அதன் தலையில் கூரை போட்டிருந்தன. வறட்சி நீண்ட காடுகளில்தான் பெருங்கொடிகள் அதிகம் செழிக்கின்றன. மரங்கள் பட்டினி கிடக்கிற கோடையிலும் பல கொடிகள் இலையைக் காப்பாற்றிக்கொண்டு வளர்கின்றன என்று உலகம் முழுக்க ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நான் நின்ற வளைவில், கேட்ட குரல் அத்தனையும் அந்தப் பச்சைத் திட்டுகளிலிருந்துதான் வந்தது. மொட்டை மரத்தில் ஒரு கரிச்சான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. கரிச்சானுக்கு மறைவு எதற்கு? அது ஊருக்கே தலையாரி.

கொடியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அதையும் ஒருத்தர் செய்து பார்த்திருக்கிறார். அதே பனாமாவில், ஸ்டீபன் ஷ்னிட்சர் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, 2011-ல் பாதித் துண்டுகளில் மரத்தைத் தொடாமல் கொடிகளை மட்டும் வெட்டினார்கள். பிறகு வருஷக்கணக்கில் பறவைகளை எண்ணினார்கள். கொடி போன துண்டுகளில் பூச்சி தின்னும் பறவைகள் எண்ணிக்கையிலும் குறைந்தன, வகையிலும் குறைந்தன என்று 2020-ல் எழுதினார்கள். மரம் அப்படியேதான் நின்றது. ஒளிய இடமும், பூச்சி பொறுக்கக் காய்ந்த இலைச் சருகும், கிளைக்குக் கிளை தாவப் பாலமும் போய்விட்டன. செம்பூத்துக்கு இது ரொம்பவே பொருந்தும். பறப்பதில் அது ஒரு கத்துக்குட்டி. கொடியைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறுவது போல ஏறி, சறுக்கி, அடுத்த புதருக்கு விழுந்தடித்துப் போய்ச் சேரும்.

அதே 2020-ல் சான்பிரான்சிஸ்கோவிலிருந்தும் ஒரு சேதி. ஊரடங்கில் வண்டி ஓட்டம் நின்றதும், அங்கே ஒரு வகைச் சிட்டுகள் கத்துவதை விட்டு மெதுவாக, இன்னும் தணிந்த சுருதி வரை இறங்கிப் பாட ஆரம்பித்தனவாம். அப்படி மெதுவாகப் பாடியும் முன்னைவிடத் தூரம் கேட்டதாம். படித்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். “அந்தக் குருவிங்களுக்கு இருக்கற புத்தி உங்க வீட்டு ஆளுங்களுக்கு இல்லீங்களே! தறி நின்னும் நீங்கெல்லாம் கத்திட்டுத்தான இருந்தீங்க?” என்றாள். எதற்குத்தான் இவளிடம் சொல்கிறேனோ!

இனிமேல்தான் சங்கடமான பகுதி.

அப்பாவுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் எழுப்ப வேண்டும். “முப்பத்தி நாலு வருசம் தறி ஓட்டி எடம் வாங்கிருக்கறன். ஒரு செவுரு இல்லாம, பட்டி தொட்டி மாதிரி... பாம்பு வேற வருது” என்பார். தப்பென்று சொல்ல முடியுமா? எங்கள் தெருவில் சுவர் இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான். நானும் இந்த வருஷம் எப்படியோ பணம் புரட்டிவிட்டேன். மேஸ்திரி வந்து அளந்து, மூணேகால் லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். ஹாலோ பிளாக் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை ஜே.சி.பி. வருகிறது.

நான் எழுதிப் பழகிய ஐந்தொகையில் சுவர் ஒரு சொத்து, தாராளமாக எழுதலாம். கோவைக்கொடியை எந்தப் பக்கம் எழுதுவது? செம்பூத்தை?

இதற்குள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தன் யோசனையைச் சொன்னார். வேலியைப் பிடுங்கும்போது செம்பூத்து கையில் சிக்கினால் விட்டுவிடாதே, அதன் கறி நெஞ்சுச் சளிக்கு நல்லது என்றார். பஞ்சுத் தூசியில் இருமி இருமியே வயதான ஊர் இது. அவருடைய இருமலும் எனக்குத் தெரியும். கோபம் வரவில்லை. 1972-ம் வருஷச் சட்டத்தில் அதைப் பிடிப்பதே குற்றமுங்க என்று மட்டும் சொன்னேன். ‘ஹூம்... எதத்தான் உட்டானுங்க’ என்று இருமிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காது கேட்காதவரிடம் நாசூக்காக ஒரு விஷயத்தைச் சொல்வது எப்படி? முடியாது. கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினேன். “வேலியப் புடுங்குனா அந்தச் செம்பூத்து போயிருமுங்கப்பா! உங்களுக்குக் கேக்கறது அது ஒண்ணுதானுங்களே!”

தெருவில் எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

“பாம்புக் குட்டியக்கூட அது தின்னுருமுங்கப்பா” என்று சேர்த்துக்கொண்டேன். உண்மைதான், ஓணான், நத்தை, புழு, சின்னப் பாம்பு எல்லாம் தின்னும். இருந்தாலும் வக்கீல் வாதம் மாதிரி எனக்கே பட்டது.

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் அம்மா. நான் எதற்கு வாயைத் திறந்தேன் என்றாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷக் கனவு. அதில் போய் நான் ஒரு பறவையை நுழைத்துவிட்டேன். இருக்கட்டும், காலையில் ஜே.சி.பி. வரட்டும், எடுத்துவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு படுத்தேன்.

விடிந்து எழுந்தபோது அப்பா கட்டிலில் இல்லை. பின்பக்கம், மேற்கு மூலை வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தறிகள் ஓட ஆரம்பித்திருந்தன. சீந்தில் கொடிக்குள்ளிருந்து ‘ஊப்... ஊப்... ஊப்...’ அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். வடக்கு மூலையிலிருந்து ஜோடி பதில் சொன்னது. அதற்குத் தலையைத் திருப்பினார். இடது காதா, வலது காதா என்றுகூட அவருக்குத் தெரிகிறது!

என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“மேஸ்திரிக்குப் போனப் போடு. மேக்கால பக்கத்த மட்டும் உட்டறச் சொல்லு.”

“அப்பா...”

“மத்த மூணு பக்கமும் கட்டோணும். அதுல ஒண்ணும் மாத்தமில்ல.”

மேஸ்திரி வந்தார். கிழக்கு, தெற்கு, வடக்கு என்று சுற்றி வந்து, மேற்கே வேலிமுன் நின்று, தலையைச் சொறிந்தார்.

“ஏனுங் தம்பி, மூணு பக்கம் செவுரு, ஒரு பக்கம் வேலி... வாஸ்துங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, மேஸ்திரியின் வாயசைவை வைத்தே புரிந்துகொண்டு, “ஆமா, ஆமா” என்றார்.

“அப்பச் சரிங்க” என்றார் மேஸ்திரி. “மேக்கால பக்கம் கட்டாததுக்கு ரேட்டுல கழிக்கச் சொல்லாதீங்க. பிளாக்கு லோடு ஏத்தியாச்சு.”